மஞ்சள் பையின் வாழ்நாள் கணக்கு

வீட்டுக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கும் மஞ்சள் பையை நாம் எல்லோரும் அறிவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பை நல்லது என்று நாமும் சொல்லி வருகிறோம். எவ்வளவு நல்லது என்று கணக்குப் பார்த்தோமா?

இதற்கென்றே ஒரு கணக்கு முறை உண்டு. ஒரு பொருள் உருவாவது முதல் குப்பையாகி மடிவது வரை அதற்குச் செலவான நீர், எரிபொருள், அதனால் எழுந்த புகை, கழிவு யாவற்றையும் கூட்டுவதே அது. வாழ்நாள் மதிப்பீடு என்பர். 1969-இல் அமெரிக்காவில் கோகோ-கோலா நிறுவனம், தன் பானத்துக்கு எவ்வகைப் புட்டி ஏற்றது என்று அறியச் செய்வித்த ஆராய்ச்சி இதன் தொடக்கங்களுள் ஒன்று.

நம் பையை எடுத்துக்கொள்வோம். லால்குடிக்கு வடக்கே பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி விளைகிறது. அதற்கு நீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும். பிறகு பஞ்சாலை, தறி, சாயம், தையல், லாரி. பிளாஸ்டிக் பையோ பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஆனால் எடை மிகக் குறைவு, செய்வதும் எளிது. ஆகவே பிறக்கும்போதே துணிப்பை பெருங்கடனோடு பிறக்கிறது.

கடன் எவ்வளவு? பிரிட்டனின் சுற்றுச்சூழல் துறை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், பருத்திப் பையை 131 முறை எடுத்துச் சென்றால்தான் ஒரே முறை பயன்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். 2018-இல் டென்மார்க்கில் சற்றுத் தடித்த பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டார்கள். 52 முறை என்று வந்தது. வாரம் ஒருமுறை காய்கறிக்கு எடுத்துப்போனால் 52 முறை என்பது ஓராண்டு. 131 முறை என்பது இரண்டரை ஆண்டு. நடக்கக்கூடியதே. ஆனால் அதே டென்மார்க் ஆய்வு, ஓசோன் படலத்துக்கு நேரும் பாதிப்பையும் பார்த்தபோது 7,100 முறை என்றது! வாரம் ஒருமுறை என்றால் 136 ஆண்டுகள். நம் பேத்தியின் பேத்தி அந்தப் பையைத் தூக்க வேண்டும்.

அப்படியானால் பிளாஸ்டிக் பையே மேலா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். தெருவில் எறிந்த பை என்ன ஆகும் என்பதை அவ்விரு ஆய்வுகளும் கணக்கில் சேர்க்கவில்லை. டென்மார்க்கில் குப்பையை ஆலையில் எரித்து வெப்பமும் மின்சாரமும் எடுக்கிறார்கள். நம் ஊரில் வாய்க்காலில் விழுந்த பை மதகில் சிக்கி, வயலுக்குப் போகும் நீரை மறிக்கும். எச்சில் சோற்றோடு கட்டி எறிந்ததை மாடு விழுங்கும். மாட்டின் வயிற்றுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? (பூக்காரம்மா வாழையிலையில் சுற்றி நாரால் கட்டித் தருகிறாரே, அதில் இந்தத் தொல்லை இல்லை. பழத்துக்காக வளர்த்த மரத்தின் இலை. மறுநாள் அதே மாட்டுக்குத் தீனி.)

எனவே துணிப்பையின் நன்மை துணியில் இல்லை, நாம் எடுத்துப்போகும் தடவைகளில் இருக்கிறது. பாட்டியின் பை ரேஷன் அரிசி சுமந்து, கைப்பிடி அறுந்து, மறுபடி தைக்கப்பட்டு, கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகிறது. அது கடனைத் தீர்த்துவிட்ட பை. கலியாண வீடுகளில் வாங்கி வந்த தாம்பூலப் பைகளோ மடிப்புக் கலையாமல் பீரோவின் மேல்தட்டில் அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்கும் பருத்தி விளைந்தது, நீர் செலவாயிற்று. அடுத்த விசேஷத்துக்குப் புதிதாக அச்சடிக்குமுன் அந்தத் தட்டை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாமே என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.