பழைய ஜிப்ஸிக்கு கிங் இன்ஜின்

கேள்வி: என்னிடம் 970 சிசி பழைய மாருதி ஜிப்ஸி இருக்கிறது. பாடி துருப்பிடித்த 1,298 சிசி ஜிப்ஸி கிங்கும் கிடைத்திருக்கிறது. அதன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இதில் ஏற்றலாமா?

பதில்: தாராளமாக ஏற்றலாம். இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் பிரிக்காமல் ஜோடியாகவே இறக்குங்கள். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக நிற்கிறது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட்தான் இணைப்பு. அதன் நீளத்தை அளந்த பிறகே மவுன்ட்டை வெல்டிங் செய்யுங்கள். மலைப்பாதைதான் உங்கள் வழி என்றால் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸையே வைத்துக்கொள்ளுங்கள், இழுவை கூடும். நெடுஞ்சாலையில் இன்ஜின் இரையும், அவ்வளவுதான்.

ஆக்ஸிலை மாற்றினால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்றுங்கள். விகிதம் வேறுபட்டால், ஃபோர் வீல் போட்டுத் தார்ச்சாலையில் ஓட்டும்போது ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொண்டு பல்சக்கரம் உடையும். சோதிப்பது எளிது: நியூட்ரலில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், அந்த ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போடுங்கள், சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றுங்கள். கோடு எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம்.

பிரேக்கையும் பாருங்கள், வேகம் கூடும். வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ அனுமதி வாங்குங்கள்; முடிந்ததும் புது இன்ஜின் எண்ணை ஆர்சி புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.