இறையும் மனையும்

'இறை' என்னும் சொல் தலைவனையும் குறிக்கும். அவன் கொள்ளும் வரியையும் குறிக்கும். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் மக்கள் குடியிருந்த ஊர்நத்தம் இறையிலி நிலங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டுள்ளது. இன்றோ குடியிருக்கும் வீட்டிற்கும் வரி உண்டு.

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்துவரியை உயர்த்தியது. பதினைந்தாவது நிதி ஆணையத்தின் நிபந்தனையும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. கோவில்பட்டி போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேல் 100 விழுக்காடு என உயர்வு அமைந்தது. சிறுவீட்டிற்குச் சிறுசுமை என்பது முறையே. ஆயினும் மழையில் பொங்கிக் கோடையில் பிளக்கும் கரிசலில் அடித்தளத்திற்கே பெருஞ்செலவாகும் என்பதைச் சதுர அடிக் கணக்கு அறியாது.

என் முன்னாள் மாணவர் ஒருவர், "ஐயா, வரி இப்படி ஏறினால் நாங்கள் வீடு வாங்குவது எப்படி?" என வினவினார். இருவரும் கணக்கிட்டோம். 1,000 சதுர அடி வீட்டிற்கு அரையாண்டு வரி 600 ரூபாய் எனக் கொண்டால், அது 900 ஆகும். ஆண்டிற்குக் கூடுதல் 600 ரூபாயே. அவரைத் தடுத்து நிறுத்துவது இதுவன்று. பத்து இலட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஒரு செங்கல் வைக்குமுன்னரே 90,000 ரூபாய் வேண்டும். வங்கிக் கடனில் இது பெரும்பாலும் அடங்குவதில்லை. 2025 ஏப்ரல் முதல், பத்து இலட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறையும். மனைவியின் பெயரில் பதியச் சொன்னேன், பத்தாயிரம் மிச்சம்!

வரியின் மெய்யான வலிமை வேறிடத்தில் உள்ளது. பருத்தியும் உளுந்தும் விளைந்த புஞ்சைகளில் எல்லைக்கல் நட்டு, சீமைக்கருவேலம் மண்ட விட்டு, விலையேற்றத்திற்குக் காத்திருப்போர் பலர். காலிமனைக்கும் வரி உண்டெனினும் காத்திருப்பவரை அசைக்கும் அளவில் அது இல்லை. கட்டடத்தின் மீதான வரி கட்டுபவனைத் தண்டிக்கிறது. நிலத்தின் மீதான வரியே முடக்குபவனை அசைக்கும் என்று அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் 1879-இலேயே வாதிட்டார். கோவில்பட்டியைச் சுற்றிவரும் எவர்க்கும் அவ்வாதம் விளங்கும். வெறும்மனைகள் விற்பனைக்கு வருமாயின் விலை தணியும். விலை தணிந்தால் அந்த ஒன்பது விழுக்காடும் தணியும்.

அம்மாணவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். வரி உயர்ந்ததைச் சொல்லி வீட்டுக்காரர் மாத வாடகையில் 300 ரூபாய் கூட்டினார். அதாவது ஆண்டிற்கு 3,600.