வண்டி முன்பே சொன்னது

எங்கள் ஊர் சந்தாபுரா. பெங்களூரிலிருந்து ஒசூர் போகும் பெரிய சாலையில் இருக்கிறது.

மாமா வீட்டில் பழைய ஆம்னி வேன் ஒன்று உண்டு. இந்த வகை வேன் 1984-இல் வந்தது. 2019-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் தெருவில் இன்னும் ஓடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒசூர் மலைக் கோயிலுக்குக் கிளம்பினோம். வேனில் எட்டுப் பேர். அத்திப்பள்ளி வருவதற்குள் 'கடகட' என்று சத்தம் கேட்டது. இன்ஜின் ஓடியது. வேன் நகரவில்லை. பின்னால் வந்த லாரி நூலிழையில் விலகிப் போனது. குழந்தைகள் அலறினார்கள்.

வேனை இழுத்து வந்தோம். மெக்கானிக் கியர் பெட்டியைத் திறந்தார். உள்ளே எண்ணெய் இல்லை. பற்கள் உடைந்து கிடந்தன.

"திடீர் என்று கெட்டுவிட்டதே!" என்றார் மாமா.

"திடீர் என்று இல்லை அண்ணே. வண்டி முன்பே சொல்லியிருக்கும். வாசலில் எண்ணெய்க் கறை இருந்ததா?"

அத்தை சொன்னார்: "ஒரு மாதமாக இருந்தது. கோலம் போடும் இடமெல்லாம் கறை. நான் சொன்னேன். பழைய வண்டி அப்படித்தான் ஒழுகும் என்றார் இவர்."

மாமா தலை குனிந்தார். பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணம் ரிப்பேருக்குப் போனது.

கியர் பெட்டி என்ன செய்கிறது?

இன்ஜினின் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டிக்குப் போகிறது. அங்கே பல் சக்கரங்கள் சுழல்கின்றன. அங்கிருந்து நீண்ட தண்டு வழியாகப் பின் சக்கரத்துக்குப் போகிறது. பற்கள் உரசாமல் காப்பது கியர் ஆயில். இது வேறு, இன்ஜின் ஆயில் வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

வண்டி சொல்லும் அடையாளங்கள்

1. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை.
2. கியர் போடும்போது 'கரகர' சத்தம்.
3. போட்ட கியர் தானே கழன்றுவிடும்.
4. இன்ஜின் இரையும், வேகம் ஏறாது. கருகிய வாடை வரும். இது கிளட்ச் தேய்ந்ததற்கு அடையாளம்.

ஒன்று தெரிந்தாலும் உடனே காட்டுங்கள்.

நடுவழியில் நின்றால்

வேகம் இருக்கும்போதே இடது ஓரம் ஒதுக்குங்கள். இண்டிகேட்டர் போடுங்கள். எல்லோரும் இடது பக்கம் இறங்குங்கள். சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். வண்டிக்குப் பின்னால் நிற்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. ஆபத்து என்றால் 112.

இப்போது அத்தை ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எண்ணெய் மாற்றிய தேதி, கிலோமீட்டர் இரண்டையும் அவரே எழுதுகிறார். மாமா அதைப் பார்த்துத்தான் வண்டி எடுக்கிறார்.

பேசுவோம்

1. அத்தை எதைக் கண்டார்? மாமா என்ன செய்திருக்க வேண்டும்?
2. உங்கள் வீட்டில் யார் சொன்னால் கேட்பதில்லை? ஏன்?

எழுதுவோம்

தேதி: ______
கிலோமீட்டர்: ______
செய்த வேலை: ______
செலவு: ______