தாழ்த்திய யூட்டுக்கு எந்த ஷொக்?

மேற்குச் சிட்னியில் ஒரு தமிழ்க் குடும்பம் பின்னால் திறந்த பாரத்தட்டு உள்ள பழைய யூட் ஒன்றை வாங்கினால் வீட்டில் வழக்குத் தொடங்கிவிடும். கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு அது விடியற்காலையில் பிளெமிங்டன் சந்தையிலிருந்து மரக்கறிப் பெட்டி ஏற்றிவரும் வண்டி. மகனுக்கோ அது பின்பக்கம் பதிந்து, ரயர் பாதி மறைந்து, பரமட்டாவில் நாலு பேர் திரும்பிப் பார்க்க ஊர்ந்துபோக வேண்டிய வண்டி. இருவரையும் சமாதானப்படுத்த எவராவது ஒரு விற்பனையாளர் காற்று ஷொக்கைக் காட்டுவார். வெறுமையாக ஓடும்போது காற்றை இறக்கித் தாழ்த்தலாம், பாரம் ஏற்றினால் அடித்து உயர்த்தலாம் என்பார். அப்பா தலையாட்டுவார், மகன் காசு கட்டுவான். சில மாதங்களில் வண்டி கராஜுக்கு வரும். இப்படி வருகிற வண்டிகளைப் பார்த்துச் சலித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கு புதிதல்ல. யூட் என்ற வண்டியே இந்த இழுபறியில் பிறந்தது. ஞாயிறு தேவாலயத்துக்கும் திங்கள் பன்றிகளைச் சந்தைக்கும் கொண்டுபோக ஒரே வண்டி வேண்டுமென்று விக்ரோரியாவில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்ட் கம்பனிக்குக் கடிதம் எழுதினார் என்பது இந்நாட்டில் எல்லோரும் சொல்லும் கதை. ஜீலோங்கில் லூ பாண்ட் வரைந்த யூட் 1934-இல் வெளிவந்தது. ஃபோர்டின் கடைசி பால்கன் யூட் 2016 ஜூலையில் மெல்பேர்ண் புரோட்மெடோஸில் முடிந்தது. அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் ஹோல்டனின் எலிசபெத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆக, நம் பெடியள் வாங்கும் பால்கனும் ஹோல்டன் கொமடோரும் எல்லாம் பழசு. பின் ஷொக் பெரும்பாலும் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும்.

ஷொக் அப்சோபர் பாரத்தைத் தாங்குவதில்லை. தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கினால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை, சிறு துளைகளினூடாக எண்ணெயைத் தள்ளிச் சூடாக்கிக் கரைப்பதுதான் ஷொக்கின் வேலை. இதை விளங்கிக்கொண்டவர் பாதிப் பிழையை விடமாட்டார்.

சாதாரண இரட்டைக் குழாய் ஷொக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, மென்மை, எங்கும் கிடைக்கும். கோயிலுக்கும் கடைக்கும் போய்வர அதுவே போதும். நைதரசனை உயர் அழுத்தத்தில் அடைத்த ஒற்றைக் குழாய் ஷொக், பில்ஸ்டைன் போன்றவை, நீண்ட ஓட்டத்தில் சூடானாலும் எண்ணெய் நுரைக்காமல் நின்றுபிடிக்கும். ஆனால் குழாயில் கல்பட்டு நெளிந்தால் பிஸ்டன் சிக்கிவிடும், தாழ்ந்த வண்டியில் அதற்கு வாய்ப்பும் கூட. மூன்றாவது, இறுக்கம் மாற்றக்கூடியது. இதில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. ஒல்லாந்தின் கோனி உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் வேறெதையும் பார்க்காதீர்கள் என்பேன். அதில் பல மாதிரிகளை இறுக்க வேண்டுமானால் கழற்றி, முழுதும் அமுக்கி, திருப்பிப் பூட்ட வேண்டும். பெடியளுக்கு அது கரைச்சல்; எனக்கு அதுவே நல்ல குணம். சும்மா சும்மா திருகிக்கொண்டிருக்க முடியாதல்லவா?

இனிக் காற்று ஷொக். சாதாரண ஷொக்கைச் சுற்றி ஒரு ரப்பர் உறை. அதற்குள் காற்றை அடித்தால் பின்பக்கம் உயரும். பார்க்க மந்திரம் போலிருக்கும். ஆனால் அடித்த கணத்திலிருந்து ஸ்பிரிங் சுமக்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கு ஷொக் மாட்டியிருக்கும் ஆணிக்கும் தாங்கிக்கும் போகிறது. அந்தத் தாங்கி ஆட்டத்தை அடக்கும் விசைக்காகச் செய்யப்பட்டதே தவிர, வெங்காய மூட்டை சுமக்க அல்ல. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழும், வெளியில் தெரியாது. இரண்டு பக்கத்தையும் ஒரே குழாயால் இணைத்திருந்தால் இன்னொரு வினை உண்டு. வளைவில் வண்டி சாயும்போது அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடும், சாய்வு மேலும் கூடும். காற்று அடித்தால் பின்பக்கத்தின் விறைப்புக் கூடுகிறது, உள்ளே எண்ணெய்த் துளை பழைய அளவிலேயே இருக்கிறது; அதனால் உயர்த்திய வண்டி துள்ளும். காற்றை முற்றாக இறக்கி நிலத்தோடு ஒட்டவிடலாம் என்ற கனவும் நடவாது. உறை மடிந்து உராய்ந்து கிழியாமலிருக்கக் கொஞ்சக் காற்று எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, எவ்வளவு காற்று அடித்தாலும் வண்டியின் தகட்டில் பொறித்த மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது. பாரம் உண்மையிலேயே பிரச்சினை என்றால் தகட்டு ஸ்பிரிங்கைச் சரியாக அமைப்பிக்க வேண்டும், அல்லது அக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையில் தனியாகக் காற்றுப் பை வைக்க வேண்டும். அதற்குத் தாழ்த்திய வண்டியில் இடம் இருக்காது என்று மகன் சொன்னால், அப்பாவின் பக்கத்தில்தான் நியாயம்.

எதை வாங்கினாலும் அளவு முந்தியது. வண்டியைத் தாழ்த்திய பிறகு, சமதரையில் நிற்கும்போது ஷொக்கின் மேல் கண்ணுக்கும் (ஆணி நுழையும் வளையம்) கீழ்க் கண்ணுக்கும் இடையே எவ்வளவு? அக்சில் மேலே போய் ரப்பர் முட்டுக்கட்டையில் இடிக்கும்போது எவ்வளவு? சட்டத்தைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது எவ்வளவு? வாங்கும் ஷொக் இரண்டாவது அளவைவிடக் கூடுதலாகச் சுருங்க வேண்டும், மூன்றாவது அளவைவிடக் கூடுதலாக நீள வேண்டும். பால்கன் போலத் தகட்டு ஸ்பிரிங் அக்சிலுக்குக் கீழே இருந்து, இடையில் கட்டை வைத்துத் தாழ்த்தியிருந்தால், ஷொக்கின் கீழ்முனை எங்கே பூட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அக்சிலில் என்றால் 50 மில்லிமீற்றர் கட்டைக்கு ஷொக்கும் ஏறக்குறைய அவ்வளவு சுருங்கி நிற்கும், குட்டையானது தேவை. ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தகட்டில் என்றால் அது அசையவே இல்லை. இதைப் பாராமல் "தாழ்த்திய வண்டிக்கு" என்று பெட்டியில் எழுதியதை நம்பி வாங்குபவர் பலர். சாய்வையும் பார்க்க வேண்டும். நேர்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த ஷொக் தன் அடக்கும் சக்தியில் முக்கால்வாசியைத்தான் தரும், 45 பாகையில் பாதி.

புதியதைப் பூட்டும்போது புஷ் ஆணிகளை வண்டி தன் கால்களில் நிற்கும் நிலையிலேயே இறுதியாக இறுக்குங்கள். சக்கரம் தொங்க இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுகி, விரைவில் கிழியும். பிறகு, இறுக்கம் மாற்றக்கூடியதானால், மிக மென்மையான நிலையில் வைத்து, தெரிந்த வீதியில் ஓட்டிப் பார்த்து, அரைச் சுற்று மட்டும் கூட்டலாம். இங்கேதான் பெடியள் அவசரப்படுவார்கள். மேட்டில் பின்பக்கம் "டொக்" என்று இடித்தால், "அங்கிள், இன்னும் ரெண்டு சுற்று இறுக்கி விடுங்கோ" என்பார்கள். பெரும்பாலான ஷொக்குகளில் திருகுவது மீளும் அசைவைத்தான் மட்டுப்படுத்தும். அதை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேட்டுக்குள் நீள நேரமில்லாமல் போகும். அடுத்தடுத்த மேடுகளில் வண்டி படிப்படியாகக் கீழே இழுபட்டு முட்டுக்கட்டையில் உட்கார்ந்துவிடும். இடிக்கிறது என்று மேலும் இறுக்குவான், மேலும் இடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பல நேரம் மருந்து தளர்த்துவது.

சட்டத்தை ஒரு வரியில் சொல்கிறேன். வீ.எஸ்.பி. 14 என்ற தேசிய விதித்தொகுப்பின்படி சக்கரத்தின் பழைய மேல்கீழ் அசைவில் மூன்றில் இரண்டு பங்காவது மிஞ்ச வேண்டும், நிலத்திலிருந்து 100 மில்லிமீற்றர் இடைவெளியும் வேண்டும். இங்கே ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பிங்க் ஸ்லிப் பரிசோதனை. விக்ரோரியாவில் அப்படி இல்லை, விற்கும்போதுதான் சான்றிதழ். ஆனால் வீதியில் பொலிஸ் மறித்தால் இரண்டு மாநிலத்திலும் கதை ஒன்றுதான்.

அப்பாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டிக்கடியில் படுத்து, மூன்று அளவையும் எழுதி, அரைச் சுற்று கூட்டி, ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து மறுபடி அரைச் சுற்று குறைக்கிற பிள்ளை உங்களுக்கு வாய்த்திருந்தால், அவனை மருத்துவத்துக்குத் தனிவகுப்பு வைத்து இழுக்காதீர்கள். மெக்கானிக் தொழில் பழக இங்கே பொதுவாக நான்கு ஆண்டு. பொறுமையும் கையும் உள்ளவனுக்கு அது நீளமே இல்லை. பொறுமை இல்லாதவனை எந்தப் படிப்பில் விட்டாலும் அவன் இரண்டு சுற்று இறுக்கத்தான் கேட்பான்.

கடைக்குப் போகுமுன் அந்த மூன்று அளவுகளையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றைக் கேட்காமலே பின் ஷொக் விற்க வருபவரிடம் வாங்காதீர்கள்.