சட்டத்தையும் கேட்டு வாங்கலாம்

சட்டம் என்றால் சென்னையிலோ டெல்லியிலோ யாரோ எழுதி நம் தலையில் இறக்குவது என்று வியாபாரிகளில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் சட்டமும் சரக்கைப் போல ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. போகிற இடத்துக்குத் தக்கபடி மாறுகிறது. கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற மென்பொருளை யாரும் எடுத்து, தம் தேவைக்குத் திருத்தி, பிறருக்கும் கொடுக்கலாம். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்று உதாரணங்கள் பார்ப்போம்.

1. விற்பனை வரி: ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்த 1939-ல், இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. சரக்கு கைமாறும்தோறும் வரி. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்த கடைக்கு விலக்கு. 1941-ல் வங்காளமும் விற்பனை வரி போட்டது. ஆனால் பதிவு பெற்ற வியாபாரிகளுக்குள் நடக்கும் விற்பனையை விட்டு, கடைசி முனையில் மட்டும் வரி என்று வைத்துக்கொண்டது.

2. உட்காரும் உரிமை: ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுத்த கோழிக்கோட்டுப் பெண்கள் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் தனது 1947-ம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இதைச் சேர்த்தது. ஏரல் பஜாரில் கடை வைத்திருக்கும் நாமும் வேலையாட்களுக்கு இருக்கை போட்டுத்தர வேண்டும்.

3. ஜி.எஸ்.டி.: 2017-ல் ஒரே மாதிரி வரைவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தை இயற்றியது. 2019 ஏப்ரல் 1 முதல், மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்போருக்குப் பதிவு வரம்பு பொதுவாக 40 லட்சம் ரூபாய் ஆனது. தமிழ்நாடு அதை ஏற்றது. தெலங்கானா 20 லட்சத்திலேயே நின்றுவிட்டது. 30 லட்சத்துக்குப் பலசரக்கு விற்கும் கடைக்கு இந்த ஒரு எண் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? சட்டம் எங்கிருந்தும் வரலாம். ஆனால் வரம்பும் விலக்கும் நம் கடைக்குப் பொருந்துகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. மாதிரி வரைவை 2016 ஜூனில் வெளியிட்டு, கருத்துக் கேட்டார்கள். அப்படிக் கேட்கும்போது எழுதினால் செலவு தபால் தலைதான். அமலுக்கு வந்தபின் எதிர்த்தால் வக்கீல் செலவு.

படிப்பதற்கும் தடை இல்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை விளக்கவுரை சேர்த்து யாரும் அச்சிடலாம். ஆகவே சங்கங்கள் செய்யக்கூடியது இது: நம்மைத் தொடும் பிரிவுகளை எளிய விளக்கத்தோடு அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுப்பது, அண்டை மாநிலத்தில் அதே பிரிவு எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுவது, நமக்கு ஏற்ற திருத்தத்தைக் காரணத்தோடு எழுதி அனுப்புவது.

வாங்கும் மூட்டையை எடை போட்டுப் பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. சட்டத்தையும் அப்படியே பார்த்து வாங்குவோம்.