கூடை சுமந்த எலும்புக்கு என்ன ஆச்சு?

கேள்வி: இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். மாதவிலக்கு நின்று நாலு வருடம். மழையில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. மேடேறி, கூடை சுமந்த உடம்புக்கே இப்படியா?
– வாசகி, குன்னூர்

பதில்: உழைப்பு வீணாகவில்லை அம்மா. அது எலும்புக்கு உரம்தான். ஆனால் காவலாள் போய்விட்டார்.

எலும்பை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் நமக்குள் ஓயாமல் வேலை செய்கின்றன. மஜ்ஜையில் இருக்கும் நோய் எதிர்ப்பு டி செல்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடக்கி வைத்திருக்கும்; அதுதான் அந்தக் காவலாள். மாதவிலக்கு நின்று அது வற்றியதும், அந்த டி செல்கள் டி.என்.எஃப். போன்ற வேதிப்பொருட்களைச் சுரந்து, அரிக்கும் கூட்டத்தைப் பெருக்குகின்றன. 2000-இல் வெளியான ஆய்வொன்றில், டி செல் இல்லாத எலிகளுக்கு, ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சினைப்பையை அகற்றியும் எலும்பு குறையவில்லை! எலிக்கணக்கு அப்படியே மனிதருக்குப் பொருந்தாது என்றாலும், வழி புரிகிறது.

இப்படி எலும்பு மெலிவது மூட்டுத் தேய்மானம் அல்ல, எலும்புப்புரை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும், ரத்தத்தில் வைட்டமின் டி அளவும் பாருங்கள். மூடுபனியில், முழுக்கை சட்டையும் தலைத்துணியுமாக நிற்பவருக்கு, வைட்டமின் டி தரும் வெயில் எங்கே படும்? நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, களியை விடாதீர்கள். எலும்பு அரிப்பைத் தடுக்க ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசியை டாக்டர் எழுதினால், அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு முறியலாம்.