உதிர்ந்துபோன விருந்து

கேள்வி: லியொனார்டோ டா வின்சியின் 'இறுதி விருந்து' ஓவியம் சிதைந்தது போரில் குண்டு விழுந்ததாலா?

பதில்: 1943-இல் மிலான் நகரில் அந்த ஓவியம் உள்ள மடத்து உணவுக்கூடத்தின் மீது குண்டு விழுந்தது உண்மை. ஆனால் மணல் மூட்டை அடுக்கிக் காத்த ஓவியச் சுவர் தப்பிவிட்டது. அசல் காரணம் லியொனார்டோவேதான். ஈரச் சாந்து காய்வதற்குள் தீட்டி முடிப்பதுதான் இத்தாலியச் சுவரோவிய முறை. அவரோ நிதானமாக வரைந்து, திரும்பத் திரும்பத் திருத்துபவர். அதனால் காய்ந்த சுவரிலேயே முட்டையும் எண்ணெயும் கலந்த வண்ணங்களால் தீட்டி, 1498 வாக்கில் முடித்தார். அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. போதாக்குறைக்கு 1652-இல் அதே சுவரில் வாசல் வெட்டியதில் இயேசுவின் பாதங்கள் போயின. 1978 முதல் 1999 வரை சீரமைத்து, எஞ்சியதைக் காப்பாற்றினார்கள். பறக்கும் கருவிக்கே படம் போட்டவர், சுவரில் மட்டும் சோதனை செய்யாமல் விட்டுவிடுவாரா?